எறும்புக்கு வைத்த தண்ணீர்

கொசு கடித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கொசுவத்திச் சுருள் கொளுத்துவீர்கள். சுவரில் மருந்துப் புட்டியைச் சொருகுவீர்கள். கையில் களிம்பு தடவுவீர்கள். ஒன்றும் இல்லாவிட்டால் வேப்பிலையைப் போட்டுப் புகை மூட்டுவீர்கள். எங்கள் வீட்டில் இதில் எதற்கும் வழியில்லை. நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். கொசுவைக் கொல்லும் எதுவும் பட்டுப்புழுவையும் கொல்லும். அதிலும் கொசு சாவதற்கு முன்னால் புழு செத்துவிடும். அதனால் இருபத்திரண்டு வருடமாக எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கையால் அடிப்பதுதான். கொசு செத்ததோ இல்லையோ, என் கன்னத்தில் நானே வாங்கிய அறைக்குக் கணக்கில்லை.

பாப்பாரப்பட்டிச் சந்தையில் வளையல் விற்கும் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து வளையல் ஏற்றும்போது ஒருமுறை சொன்னார்: "பட்டு கட்டுறவ தோலு பளபளன்னு இருக்கும்மா. பட்டு வளக்குறவ தோலு தடிதடியாத்தான் இருக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை மறக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் மேல் வரும் கோபம் சீக்கிரம் ஆறாது.

மல்பெரி இலை வெட்டுவது விடிந்தும் விடியாமலும், பிறகு வெயில் தாழ்ந்த பிறகு. நடு வெயிலில் வெட்டினால் இலை வாடும். வாடின இலையைப் புழு முகர்ந்துகூடப் பார்க்காது. கொசுவுக்கும் அந்த இரண்டு வேளைதான் சாப்பாட்டு நேரம். என் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கிழிந்த சாக்ஸை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போவேன். சட்டைத் துணிக்கு மேலேயே ஊசி போடும். குனிந்தால் முதுகில் கொசு, நின்றால் காலில் சுள்ளெறும்பு. ஒரு தடவை கையெல்லாம் தடித்துச் சீழ் வைத்து டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்ல கொசுவுக்கு ஏதாவது மாட்டுங்கம்மா, இந்தக் காலத்துல இதுக்கா கஷ்டப்படுறீங்க" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் பட்டு வேட்டி எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

நான் ஏன் இவ்வளவு கடுப்பாக இருக்கிறேன் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. நாங்கள் புழு வளர்க்கத் தொடங்கிய புதிதில், வீட்டில் ஒரு காதுகுத்து. அப்போது தனியாகப் புழு வீடு கிடையாது. பின்கட்டு அறையில்தான் தட்டு வைத்திருந்தோம். பட்டுப்புழு நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் அசையாமல் கிடக்கும். அதைத் தூக்கம் என்போம். நாலாம் தூக்கம் எழுந்த பிறகு ஏழெட்டு நாள் அது தின்கிற தீனியைப் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். அறைக்குள் நின்றால் காய்ந்த சருகில் மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். அந்த நேரம் பார்த்து, விருந்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் முன்னறையில் ஒரு சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டார். காலையில் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். மழைச் சத்தம் இல்லை. எல்லாப் புழுவும் தலையைத் தூக்கிப் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் சுருங்கிப்போயிற்று. கூடை கூடையாக அள்ளிக் குப்பைக்குழியில் கொட்டி மண் போட்டார் என் வீட்டுக்காரர். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் "புழுதானே" என்றார்கள். என் இலையில் இருந்த பாயசத்தை அப்படியே மூடிவிட்டு எழுந்தேன்.

அன்றிலிருந்து என் வீட்டு எல்லைக்குள் யாரும் சுருள் கொளுத்தியதில்லை. பவுடர் பூசிக்கொண்டோ சென்ட் அடித்துக்கொண்டோ புழு வீட்டுப் பக்கம் வரக்கூடாது. வெளியாள் யாரும் உள்ளே காலடி வைக்கவே கூடாது. வெளியாள் காலில் நோய் வரும் என்பார்கள்; கண்பட்டுப் போகும் என்றும் சொல்வார்கள். இரண்டையும் நான் நம்பினேன். என் அக்கா தங்கச்சிகளே வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இந்தச் சட்டமெல்லாம் என் வீட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தி இருந்தாள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. எனக்கு ஐந்து வயது இளையவள். பாகம் பிரித்தபோது வீட்டின் நடுவில் ஒரு சுவரை எழுப்பி இரண்டாக்கினார்கள். பிறகு நாங்கள் கட்டிய புழு வீடு அவள் சமையல் அறையை ஒட்டி அமைந்துவிட்டது. அங்கே தாளித்தால் இங்கே தும்முவோம். அவள் சுருள் கொளுத்தினால் என் புழுவுக்கு எமன்.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சின்னப் புழுவுக்கு அறையின் மறுகோடி போதும்; நாலாம் தூக்கம் எழுந்த பிறகுதான் தட்டு அவள் சுவர் வரை பரவும். புழு நாலாம் தூக்கம் எழுந்ததும் நான் சுவர் ஓரம் நின்று "எழுந்திருச்சு புள்ள" என்பேன். அன்றிலிருந்து புழு கூடு கட்டி முடிக்கும்வரை அவள் வீட்டில் சுருள் கிடையாது, புகை கிடையாது. பதிலுக்கு, புழு இலையைத் தின்றுவிட்டு மிச்சம் வைக்கும் தண்டெல்லாம் அவள் ஆடுகளுக்கு. வருடத்துக்கு ஆறு ஏழு முறை புழு எடுப்போம். ஒவ்வொரு முறையும் பத்து நாள் அவள் குடும்பம் எங்களுக்காகக் கடி வாங்கியது.

சும்மா வாங்கவில்லை, வாய் பேசிக்கொண்டே வாங்கினாள்.

"அக்கா, உம் புழு பட்டு மெத்தையில தூங்குது. எம் புள்ளைங்க சொறிஞ்சிக்கிட்டுத் தூங்குதுங்க."

"உனக்குத் தண்டு வேணுமா வேணாமா?"

"தண்டத் தின்னுட்டு ஆடு கொழுத்துது. ஆட்டத் தின்னுட்டு நாங்க கொழுக்கறோம். எங்களத் தின்னுட்டு கொசு கொழுக்குது. கடைசியில லாபம் யாருக்குன்னு நீயே சொல்லு."

இப்படிப் பேசுகிறவளிடம் எப்படி வெகுநேரம் கோபமாக இருப்பது? ஆனால் நான் இருந்தேன். எனக்கு அது வரும்.

போன மழைக்காலத்தில் கொசு மருந்துப் புகை அடிக்க மெஷினோடு ஆள் வந்தார். தெருமுனையில் அந்த மெஷின் உறுமும் சத்தம் கேட்டதும் நான் கையில் இருந்த இலைக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். தெருவின் குறுக்கே நின்றேன்.

"எங்க தெருவுக்கு வேணாங்க. உள்ள புழு இருக்குது."

"ஊருக்கே அடிக்கச் சொல்லியிருக்காங்கம்மா. உங்க ஒரு வூட்டுக்காக நிறுத்த முடியுங்களா?"

"அப்ப எம்மேல அடிச்சிட்டுப் போங்க."

அதற்குள் தெரு கூடிவிட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர், "புழுவுக்கு ஒரு நாயம், மனுசனுக்கு ஒரு நாயமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது.

"அது அவங்க சோறுங்க. சோத்துல மண்ணப் போடச் சொல்றீங்களா? பக்கத்து வூட்டுக்காரி நானே கடி வாங்கிக்கிறேன், உங்களுக்கென்ன வந்துச்சு?"

மெஷின்காரர் திரும்பிப் போனார். ஓரகத்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். சுவருக்குள் ஆயிரம் பேசுவாள். தெருவில் விட்டுக்கொடுக்க மாட்டாள். எங்கள் பக்கம் இதைத்தான் "வூட்டு வழக்கு வாசப்படி தாண்டாது" என்பார்கள்.

இந்த வருடம் ஐப்பசியில் கொசு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. சாயங்காலக் கொசு மட்டுமில்லை, பட்டப்பகலில் கடித்தது. கணுக்காலில், முட்டிக்குப் பின்னால், சத்தமே இல்லாமல். காலில் வெள்ளை வரி போட்ட சின்னக் கொசு. அடுப்படியில் கடித்தது, துணி துவைக்கும் கல்லில் கடித்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை புழு வீட்டில். காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும். நாலு பக்க ஜன்னலுக்கும் வலை அடித்த அறை அது. புழுவின் மேல் முட்டை வைக்கும் ஊசி ஈ வரக்கூடாது என்று கதவுக்கும் வலை போட்டிருந்தோம். அப்படியிருந்தும் உள்ளே கொசு.

எனக்கு ஒரே ஓர் இடத்தின் மேல்தான் சந்தேகம். ஓரகத்தி வீட்டுப் பின்புறம் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்த் தேங்கும் குட்டை ஒன்று. அதன் கரையில் நாலு வாழை. கறுப்பாக, நாற்றமாக, மேலே சோப்பு நுரை மிதக்க அது கிடக்கும். கொசு வேறு எங்கிருந்து வரும்?

"குட்டைய மூடு புள்ள. ஊரு கொசுவுக்கெல்லாம் நீதான் தாய் வூடு வெச்சிருக்கற."

"மூடிட்டா வாழைக்குத் தண்ணி நீ ஊத்துவியா? கொழாயில ஒகேனக்கல் தண்ணி எப்ப வருது, எப்ப வரலன்னு உனக்கே தெரியும்."

"வாழை பெருசா, மனுச ரத்தம் பெருசா?"

"இத நீ கேக்கற பாரு அக்கா. அதான் எனக்குத் தாங்கல."

அவள் சொன்னது சுருக்கென்று குத்தியது. அதனால் குரலை உயர்த்தினேன். உன் குட்டைக் கொசுதான் என் புழு வீட்டுக்குள் வந்து குடியிருக்கிறது என்றேன். அதற்கு அவள் கேட்ட கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் என் முகம் சூடாகிறது.

"நாலு பக்கமும் வலை அடிச்சிருக்கற. எங் குட்டைக் கொசு வலையக் கிழிச்சிட்டா உள்ள போவுது?"

"கதவத் தொறக்கறப்ப நுழையுது."

"ம். தொறக்கற நேரம் பாத்து வாசல்ல வரிசை கட்டி நிக்குது."

நான் அந்தக் கேள்வியை அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவர்களுக்குப் பதில் கிடைத்தால் போதும், உண்மை வேண்டியதில்லை.

மூன்று வாரம் இப்படியே சண்டை. பிறகு ஒரு நாள் காலை புழு நாலாம் தூக்கம் எழுந்தது. வழக்கம் போலச் சுவர் ஓரம் போய் "எழுந்திருச்சு புள்ள" என்றேன். பதில் வரவில்லை. சண்டையில் இருக்கிறாள், பேச மாட்டாள் என்று நினைத்து வந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கும் சரி, அடுத்த நாளும் சரி, அவள் வீட்டிலிருந்து சுருள் வாசனை வரவில்லை. மூன்றாம் நாள்தான் கொழுந்தனார் வந்து சொன்னார்: அவளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். மாத்திரை போட்டும் இறங்கவில்லையாம். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் முறித்துப் போட்ட மாதிரி வலி. ரத்தம் பார்த்ததில் டெங்கு என்று சொல்லிவிட்டார்கள். தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம்.

ஆட்டோவில் ஏற்றும்போது ஓடினேன். முகம் சிவந்து, உதடு காய்ந்து, கொழுந்தனார் தோளில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, புழு நல்லா திங்குதா?"

"திங்குது புள்ள. நீ பேசாத."

"நல்லதாப் போச்சு. எங்க வூட்டுல ஆளே இல்ல. சுருள் வாசனையே வராது, நிம்மதியா இரு."

கேலியா, அக்கறையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ போய்விட்டது.

எனக்கு வந்ததே ஒரு கோபம். சொன்னேனே, கேட்டாளா? குட்டையை மூடு மூடு என்று தொண்டை கிழியக் கத்தினேனே. அன்று சாயங்காலமே மண்வெட்டியை எடுத்தேன். என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேருமாக அந்தக் குட்டையில் மண்ணை வெட்டிப் போட்டு மூடினோம். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "அதுலருந்துதாங்க வந்திருக்குது" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு கூடை மண்ணோடும் என் பக்கத்து நியாயத்தையும் சேர்த்துக் கொட்டினேன். எதிர் வீட்டுப் பெரியவர்கூடத் தலையை ஆட்டினார். தோள் வலித்தாலும் மனசு லேசாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். கொசுப்புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற வேலை. மேலே நீலக் கோட்டு, கையில் டார்ச்சு, தோளில் பை. இதற்கு முன்னும் பலமுறை வந்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால், தேங்காய்ச் சிரட்டை, ஆட்டுக்கல் குழி என்று எல்லாம் பார்த்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப் போவாள். புழு வீட்டுக்கு மட்டும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். "உள்ள புழு இருக்குது, வெளியாள் வரக்கூடாது" என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். இந்த ஊர்க்காரி, பட்டுக்காரர்கள் வழக்கம் தெரிந்தவள்.

அன்றைக்கு அவள் போகவில்லை.

"பக்கத்துல டெங்கு கேஸ் இருக்குதுக்கா. சுத்தியிருக்கற ஒவ்வொரு ரூமும் பாக்கணும்."

"குட்டைய மூடிட்டோம் பாரு. அதுதான் காரணம்."

"அதயா மூடுனீங்க? சோப்புத் தண்ணியில இந்தக் கொசு முட்டை வைக்காதுக்கா. இது சுத்தக்காரி. நல்ல தண்ணிதான் வேணும். கதவத் தொறங்க."

"தொறக்க முடியாது. இன்னும் நாலு நாள்ல கூடு கட்டற புழு."

அவள் என்னோடு வாதாடவில்லை. பையைக் கீழே வைத்தாள். கோட்டைக் கழற்றினாள். புழு வீட்டு வாசலில் நாங்கள் கால் கழுவ வைத்திருந்த பிளீச்சிங் தண்ணீரில் காலையும் கையையும் நன்றாகக் கழுவினாள். தலைமுடியைத் துண்டால் கட்டினாள். "மருந்து எதுவும் தொட்டு வரல. பவுடர் போடல. மோந்து பாருங்க" என்று கையை நீட்டினாள். கதவைத் திறந்தேன்.

உள்ளே மழைச் சத்தம். ஆறு இரும்பு ஸ்டாண்டு, ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகப் புழு. அவள் ஒரு புழுவைக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

ஸ்டாண்டுக் கால் ஒவ்வொன்றின் கீழும் ஒரு கிண்ணம் இருக்கும். சிமெண்டில் செய்த சின்னக் கிண்ணம். அதில் தண்ணீர் ஊற்றி வைப்போம். எறும்பு கால் வழியாக ஏறி வந்து புழுவைத் தின்றுவிடும். தண்ணீரைத் தாண்ட அதற்கு முடியாது. எறும்புப் பொடி போட்டால் புழுவும் சாகும் என்பதால் தண்ணீர்தான் காவல். ஒரு ஸ்டாண்டுக்கு எட்டுக் கால். மொத்தம் நாற்பத்தெட்டுக் கிண்ணம். தினமும் காலையில் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு போய், குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவேன். ஊற்றுவேனே தவிர, கொட்டிக் கழுவியதில்லை. ஸ்டாண்டைத் தூக்க நாலு ஆள் வேண்டும். தண்ணீருக்கும் எங்கள் ஊரில் பஞ்சம்.

அவள் டார்ச்சை ஒரு கிண்ணத்தின் மேல் அடித்தாள்.

"இல்லி நோடி" என்றாள். அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இங்க பாருங்க்கா."

குனிந்து பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதற்குள் நூல் துண்டுகள் போல ஏதோ நெளிந்து நெளிந்து மேலே வந்தது, வெளிச்சம் பட்டதும் கீழே போயிற்று. அடுத்த கிண்ணத்திலும் அதேதான். அதற்கடுத்ததிலும். ஒரு கிண்ணத்தில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு தண்ணீர் மேல் நின்று சிறகைக் காயவைத்துக்கொண்டிருந்தது. காலில் வெள்ளை வரி.

மேலே ஒரு புழுவுக்கு இலை போட்டேன். கீழே இன்னொரு புழுவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். இரண்டையும் என் கையாலேயே வளர்த்திருக்கிறேன். வலை அடித்து, ஊசி ஈயும் பல்லியும் வராமல் பாதுகாப்பாக. கதவைத் திறக்கும்போது கொசு உள்ளே நுழையவில்லை. வெளியே போயிருக்கிறது.

"எழுதித்தான் ஆகணும்க்கா" என்று அந்தப் பெண் நோட்டை எடுத்தாள். "எழுதும்மா" என்றேன். ஒரு சின்னப் புட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டாள். தண்ணீரை எடுத்தால் போதாது, கிண்ணத்தின் உள்பக்கம் முட்டை ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது, தேய்த்துக் கழுவ வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நானும் என் வீட்டுக்காரரும் தரையில் படுத்து, டம்ளரால் மொண்டு, துணியால் ஒற்றி, தேங்காய் நாரால் தேய்த்து நாற்பத்தெட்டையும் சுத்தம் செய்தோம். மொண்ட தண்ணீரை வெயிலில் சுடுகிற தரையில் கொட்டினேன். கொட்டிய இடத்தில் செருப்புக் காலால் மிதித்தேன். செத்ததை மறுபடி மிதித்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாதபோது மனிதர்கள் தரையைத்தான் மிதிக்கிறார்கள்.

கிண்ணம் காய்ந்ததும் எறும்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக்கிடம் போய் மசகு வாங்கி வந்து ஸ்டாண்டுக் கால்களில் வளையமாகப் பூசினார். வாசனை இல்லாததாகப் பார்த்துத்தான் வாங்கினார். அதற்குள் ஒரு ஸ்டாண்டின் அடித்தட்டு போய்விட்டது. புழுவை உயிரோடு இருக்கும்போதே எறும்புகள் இழுத்துக்கொண்டு போயிருந்தன. வேறு நாளாக இருந்தால் மாரில் அடித்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு, போகட்டும் என்றேன். இவ்வளவு எளிதான வேலையை, ஒரு டப்பா மசகை, இருபத்திரண்டு வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறோமே என்றுதான் வயிறு எரிந்தது.

கை கழுவும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"இத அவங்ககிட்டச் சொல்லணுமா? குட்டையாலதான்னு ஊரே நம்பிக்கிச்சு. அவங்களும் அப்படியே நெனச்சிக்கட்டும்."

"நெனச்சிக்கிட்டா?"

"ரெண்டு வூடும் நல்லா இருக்குமில்ல."

கையில் இருந்த சோப்பை அவர் மேல் எறிந்தேன். படவில்லை. நான் கோபப்பட்டது அவர் சொன்னதற்காக இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், இலை போட்டு முடித்துவிட்டு, பஸ் ஏறித் தர்மபுரி போனேன். வார்டில் அவள் கட்டிலுக்கு மேல் கொசுவலை கட்டியிருந்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே போகிறது, இன்னும் இரண்டு நாள் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று கொழுந்தனார் வெளியே நின்று சொன்னார். அவர் கண் வீங்கியிருந்தது. நான் உள்ளே போய் வலையைத் தூக்காமல் வெளியிலேயே உட்கார்ந்தேன். வலைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

"குட்டைய மூடிட்டியாமே" என்றாள்.

"மூடிட்டேன்."

"வாழை காஞ்சிடும்."

"தண்ணி நான் ஊத்தறேன். ஊத்திட்டுத்தான் வந்தேன்." பிறகு நிறுத்தினால் சொல்ல முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். "குட்டையில இல்ல புள்ள. என் வூட்டுலதான். எறும்புக்கு வெச்ச கிண்ணத்துல. நாப்பத்தெட்டுலயும். நான்தான் தெனம் தண்ணி ஊத்தி வளத்திருக்கறேன்."

குளுக்கோஸ் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரம்மா பப்பாளி இலைச் சாறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கடைசியில் ஓரகத்தி கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"அக்கா."

"சொல்லு."

"இப்பத் திட்டத் தெம்பு இல்ல. எழுந்து வந்து திட்டறேன். எங்கயும் போயிடாத."

அந்த இரண்டு நாளும் நான் வேண்டாத சாமியில்லை. வேண்டியது வேறொன்றும் இல்லை. அவள் எழுந்து வந்து என்னைத் திட்ட வேண்டும். புழு பழுத்து மஞ்சளாகி, தலையை ஆட்டி ஆட்டிக் கூடு கட்டத் தொடங்கியது. நல்ல கூடு. வெள்ளை வெளேர் என்று. எனக்குத் தொடவே பிடிக்கவில்லை. தொட்டேன், பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்டும் தட்டில் விட்டேன், வேலை என்றால் வேலைதான். மூன்றாம் நாள் தட்டணு ஏறத் தொடங்கிவிட்டது என்று போன் வந்தது. கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் புழு பொறுக்குவதை நிறுத்தாமல், "அழுவறவ புழுவ நனைக்காத" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்று திட்டவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் தண்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் போட்டேன். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். மெலிந்திருந்தாள், ஆனால் குரல் மெலியவில்லை.

தொடங்கினாள். நாங்கள் முதன்முதலில் புழு எடுத்த நாளிலிருந்து தொடங்கினாள். பிள்ளைகள் சொறிந்த ராத்திரிகள், விருந்தாளிக்கு முன்னால் சுருள் கொளுத்த முடியாமல் தலை குனிந்தது, அவள் குட்டையைப் பற்றித் தெருவில் நான் பேசிய ஒவ்வொரு சொல். "தாய் வூடு எங்கன்னு இப்பச் சொல்லு" என்றாள். "ஊரான் குட்டையில நுரையப் பாத்தியே, உங் கிண்ணத்துல புழுவப் பாத்தியா?" என்றாள். தெரு முழுக்கக் கேட்டது. எதிர் வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்விட்டார். வீட்டு வழக்கு அன்றைக்கு வாசப்படி தாண்டிற்று, தாண்ட வேண்டியதுதான். பொய்யாக அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த முறை புழு எடுப்பதற்குள் புழு வீட்டைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றிவிடுவதாகச் சொல்ல நினைத்திருந்தேன். சொல்ல இடம் கொடுக்கவில்லை.

பேச்சின் நடுவில் சட்டென்று நிறுத்தி, என் முன்கையைப் பார்த்தாள். கையை ஓங்கி, பளார் என்று ஓர் அடி வைத்தாள். நாலு விரலும் பதிந்தது. உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். நசுங்கிய கொசு, சுற்றி ஒரு பொட்டு ரத்தம்.

ஒரு கொசுவுக்கு அவ்வளவு அடி தேவையில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"உன் ரத்தமா, என் ரத்தமா?" என்றாள் உள்ளங்கையைப் பார்த்தபடி.

"தெரியல புள்ள."

புடவையில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டத் தொடங்கினாள்.